நம்பப்படாத பிள்ளைகள் ஒன்றுகூடியபோது

2024ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. செனட் அவையில் எதிர்ப்பின்றி நிறைவேறிய அச்சட்டத்துக்குப் பிரதிநிதிகள் அவையில் ஆதரவாக 373 வாக்குகளும் எதிராக 33 வாக்குகளும் கிடைத்தன. கிறிஸ்துமஸுக்கு முன்னரே அதிபர் ஜோ பைடன் அதில் கையொப்பமிட்டார். நிறுவனங்களில் நிகழும் சிறார் வன்கொடுமையைத் தடுப்பதற்கான சட்டம் என்பது அதன் பெயரின் பொருள். எதிலும் ஒத்துப்போகாத இரு பெருங்கட்சிகளும் இதில் ஒத்துப்போயின என்பது வியப்பே. அதனினும் பெரிய வியப்பு, இதைக் கேட்டுப் பல்லாண்டுகள் வாயிற்படி ஏறியவர்கள் யார் என்பது. பதின்பருவத்தில் "திருத்துவதற்காக" மறுவாழ்வு மையங்களுக்கும் உறைவிடப் பள்ளிகளுக்கும் காட்டு முகாம்களுக்கும் அனுப்பப்பட்டு, அங்கே வதைபட்டு, பின்னர் வளர்ந்து ஆளானவர்களே அவர்கள்.

நோயாளருக்கும் உறவினருக்குமான இச்செய்திமடலில் அயல்நாட்டுச் சட்டம் ஒன்றுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். தன்னால் இனி முடியாது என்ற நிலையில் நெருங்கிய உறவு ஒன்றைப் பிறர் கையில் ஒப்படைத்துவிட்டு, சாத்திய கதவுக்கு வெளியே நின்றவர்கள் நம் வாசகர்களில் பலர் உண்டு. உள்ளே நடப்பதை அறிய அவர்களுக்கு இரண்டே வழிகள்: நிறுவனம் சொல்வது, உள்ளே இருப்பவர் சொல்வது. இவ்விரண்டும் முரண்படும்போது யாரை நம்புவது? அமெரிக்காவில் அரை நூற்றாண்டு நடந்த இக்கொடுமையின் வேர் இந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

வரலாற்றைச் சுருக்கமாகக் கூறிவிடலாம். 1958இல் கலிபோர்னியாவில் சார்லஸ் டெடரிச் என்பவர் சினனான் என்ற போதைமீட்புச் சமூகத்தை நிறுவினார். அவர் மருத்துவர் அல்லர், குடிப்பழக்கத்திலிருந்து மீண்டவர். அங்கே "ஆட்டம்" என்றொரு வழக்கம் இருந்தது. வட்டமாக அமர்ந்து ஒருவர் மீது மற்றவர்கள் வசைமாரி பொழிவார்கள். அவருடைய குறைகளை உரத்த குரலில் அடுக்குவார்கள். அவர் உடைந்துபோனால் அது குணமாவதன் அறிகுறி என்று கருதப்பட்டது. சினனான் பின்னர் வன்முறைக் குழுவாகச் சீரழிந்து மறைந்தது. ஆனால் மனிதனை உடைத்தால்தான் திருத்த முடியும் என்ற அதன் நம்பிக்கை மறையவில்லை. சிறுவர்களை நோக்கித் திரும்பியது.

1970இல் ஃபுளோரிடாவில் "தி சீட்" என்ற பெயரில் பதின்பருவத்தினருக்கான மையம் ஒன்று தோன்றியது. 1974இல் செனட் துணைக்குழு ஒன்றின் அறிக்கை, அம்மையத்தின் முறைகளை வடகொரியர்கள் போர்க்கைதிகள்மீது கையாண்ட மூளைச்சலவை முறைகளோடு ஒப்பிட்டது. அதோடு கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. 1976இல் அதே ஊர்ப்பக்கத்தில், அதே முறைகளோடு, "ஸ்ட்ரெய்ட்" என்ற நிறுவனம் தொடங்கப்பட்டுப் பல மாநிலங்களுக்குப் பரவியது. புதிதாக வந்த சிறுவனை மூத்த சிறுவன் ஒருவன் கால்சட்டையின் இடுப்புப் பட்டையைப் பின்னாலிருந்து பிடித்தபடியே நடத்திச் செல்வான், கழிப்பறைக்கும் அப்படித்தான். இரவில் அவன் தன் வீட்டுக்குப் போவதில்லை. மூத்த சிறுவனின் வீட்டில் அடைக்கப்படுவான். 1983இல் கல்லூரி மாணவர் ஒருவரைச் சட்டவிரோதமாக அடைத்து வைத்ததற்காக 2,20,000 டாலர் இழப்பீடு தருமாறு நடுவர் குழு தீர்ப்பளித்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, அதிபரின் துணைவியார் நான்சி ரீகன், பிரிட்டன் இளவரசி டயானாவை அந்நிறுவனத்தின் கிளை ஒன்றுக்கு அழைத்துச் சென்று காட்டினார். நீதிமன்றத்தின் தீர்ப்பு ஒருபுறம், புகழ்பெற்றோரின் புன்னகைப் படங்கள் மறுபுறம். பெற்றோர் எதைப் பார்த்து முடிவெடுத்திருப்பார்கள் என்பதை ஊகிப்பது கடினமன்று. "ஸ்ட்ரெய்ட்" 1993இல்தான் மூடப்பட்டது.

அதன் பின்னும் பெயர்கள்தாம் மாறின. மெய்ன் மாநிலத்தில் ஈலான் பள்ளி. யூட்டா மாநிலத்தை மையமாகக் கொண்டு ஜமைக்காவரை கிளைவிட்ட நிறுவனக் கூட்டம். பாலைவனத்திலும் காட்டிலும் வாரக்கணக்கில் நடக்க வைக்கும் முகாம்கள். போதைப் பழக்கம் மட்டுமே காரணமாக இருக்கவில்லை. பள்ளிக்குப் போக மறுத்தவர்கள், மனச்சோர்வுற்றவர்கள், தத்தெடுக்கப்பட்ட வீட்டில் ஒட்டாதவர்கள், பெற்றோரை எதிர்த்துப் பேசியவர்கள் எனப் பலரும் அனுப்பப்பட்டனர். பல இடங்களில் மருத்துவரின் கண்டறிதல் எதுவும் தேவைப்படவில்லை. பெற்றோரின் கையொப்பமும் பணமும் போதும். நள்ளிரவில் அந்நியர் இருவர் படுக்கையறைக்குள் நுழைந்து, உறங்கும் பிள்ளையை எழுப்பி, வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். பெற்றோரே கூலி கொடுத்து அமர்த்திய ஆட்கள் அவர்கள். தன் வீட்டுக் கூடத்தில் தாயும் தந்தையும் பார்த்து நிற்க இழுத்துச் செல்லப்பட்ட அந்த இரவை, நாற்பது வயதிலும் மறக்க இயலவில்லை என்று பலர் சாட்சியம் அளித்திருக்கிறார்கள்.

உள்ளே போனபின் புள்ளிகளும் படிநிலைகளும். கீழ்ப்படிந்தால் புள்ளி ஏறும்; பேசக்கூடாத நேரத்தில் பேசினால் இறங்கும். வீட்டாரோடு பேசும் உரிமைகூடப் புள்ளிகளால் ஈட்ட வேண்டிய பரிசாக இருந்தது. ஜமைக்காவில் இயங்கிய மையத்தில், தண்டனை பெற்ற பிள்ளைகள் நாள்கணக்கில் தரையில் குப்புறப் படுத்துக் கிடக்க வேண்டியிருந்தது. ஈலான் பள்ளியில் ஒருவரை நடுவே நிறுத்தி அனைவரும் முகத்தருகே வந்து கத்துவார்கள்; அடங்காதவர்களை மற்ற மாணவர்களோடு குத்துச்சண்டைக்கு நிறுத்துவார்கள்.

இவை அனைத்தையும்விட என்னை அச்சுறுத்துவது சத்தமே இல்லாத வேறொன்று. பிள்ளையை ஒப்படைத்த பெற்றோருக்கு நிறுவனங்கள் அளித்த அறிவுரை அது. உங்கள் பிள்ளை உங்களுக்கு எழுதுவான், அடிக்கிறார்கள் என்பான், உணவில்லை என்பான், அழைத்துப்போய்விடுங்கள் என்று கெஞ்சுவான். அவை யாவும் உங்களை ஏமாற்ற அவன் கையாளும் தந்திரங்கள், நம்பாதீர்கள், நம்பினால் சிகிச்சையைக் கெடுத்தவர்கள் நீங்களே. இதுதான் அந்த அறிவுரையின் சாரம். கடிதங்கள் படிக்கப்பட்ட பின்னரே வெளியே போயின. தொலைபேசியில் பேசும்போது பணியாளர் ஒருவர் அருகிலேயே இருப்பார். குறை சொல்லத் தொடங்கினால் இணைப்பு துண்டிக்கப்படும். இந்த ஏற்பாட்டின் நுட்பத்தைக் கவனியுங்கள். பிள்ளை எவ்வளவு உரக்க அழுகிறானோ அவ்வளவுக்கு நிறுவனம் சொன்னது சரி என்று பெற்றோருக்குத் தோன்றும். புகாரே நோயின் சான்றாகிவிடும். இப்படிப்பட்ட சுவரை உடைக்க உள்ளிருக்கும் பிள்ளையால் ஒருபோதும் இயலாது.

மருத்துவத்தின் அடிப்படை முறைக்கே இது எதிரானது. நம் மருத்துவமனைக்கு வரும் எவரிடமும் முதலில் கேட்கப்படுவது, என்ன செய்கிறது, எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து என்பதுதான். இரத்தப் பரிசோதனையும் படக்கருவியும் அதற்குப் பின்னரே வரும். நோயாளியின் சொல்லைத் தள்ளிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1994இல் யூட்டா மாநிலத்துக் காட்டு முகாம் ஒன்றில் இறந்த பதினாறு வயதுச் சிறுவன் சான்று. வயிற்றில் தாங்க முடியாத வலி என்று அவன் நாள்கணக்கில் சொல்லி வந்தான். நடிக்கிறான் என்றார்கள். உடல் மெலிந்து, நடக்கவும் முடியாமல் விழுந்தபோதும் நடிப்பு என்றே கருதினார்கள். குடற்புண் துளைத்து வயிற்றுக்குள் நோய்த்தொற்று பரவியதால் அவன் இறந்தான். காலத்தில் மருத்துவரிடம் கொண்டுபோயிருந்தால் பிழைத்திருக்கக்கூடிய நோய் அது.

போதைப் பழக்கம் உள்ள பிள்ளைகள் பொய் சொல்வதில்லையா என்று கேட்பீர்கள். சொல்வார்கள். அவர்களோடு வாழ்ந்தவர்களுக்கு நான் அதைச் சொல்லத் தேவையில்லை. வீட்டில் காணாமற்போன நகையும், நண்பன் வீட்டில் படித்தேன் என்ற இரவுகளும் உங்களுக்கே தெரியும். அந்தக் காயத்தின்மீதுதான் அந்நிறுவனங்கள் தம் வணிகத்தைக் கட்டின. ஆனால் எங்கே போனாய் என்ற கேள்விக்கு வரும் பொய் வேறு; என்னை அடிக்கிறார்கள், எனக்கு வலிக்கிறது என்ற முறையீடு வேறு. முன்னதை ஐயுறலாம். பின்னதை நம்பவோ மறுக்கவோ வேண்டியதில்லை. நேரில் போய்ப் பார்க்க வேண்டும். நேரில் பார்ப்பதைத் தடுக்கும் நிறுவனம் எதுவாயினும், அதன் சுவரில் எத்தனை சான்றிதழ்கள் தொங்கினாலும், என் கணக்கில் அது சிகிச்சைக்கூடம் அன்று.

வெளியே வந்த பிள்ளைகள் நெடுங்காலம் பேசவில்லை. பேசியவர்களும் நம்பப்படவில்லை, ஏற்கெனவே "பொய்யர்" என்று பெயர் பெற்றவர்கள் அல்லவா? சிலர், பெற்றோரை நோகச் செய்ய விரும்பாமல் விழுங்கிக்கொண்டார்கள். நடந்தது கொடுமைதானா, அல்லது தமக்கு வேண்டியிருந்த கண்டிப்பா என்பதே தெளிவாகாமல் வாழ்ந்தவர்களும் உண்டு. இந்நிலையில் ஒருவர் மற்றொருவரைக் கண்டடைந்ததுதான் திருப்பம். மாநிலம் வேறு, ஆண்டு வேறு, மையத்தின் பெயர் வேறு. ஆனால் அதே புள்ளிகள், அதே தண்டனைகள், வீட்டுக்குப் போகாத அதே கடிதங்கள். தனியொருவரின் கதையைக் கற்பனை என்று ஒதுக்கலாம். ஒருவரையொருவர் அறியாத நூற்றுக்கணக்கானோர் ஒரே செய்தியைச் சொல்லும்போது அது சாட்சியமாகிவிடுகிறது. ஈலான் பள்ளி 2011இல் மூடப்பட்டபோது, தன்மீது இணையத்தில் பரப்பப்பட்ட பொய்த் தாக்குதல்களே காரணம் என்று அதன் நிர்வாகம் வருந்தியது. முன்னாள் மாணவர்களுக்கு அது வேறு விதமாகக் கேட்டிருக்கும்.

அரசின் காதுக்கும் செய்தி எட்டியது. 2007 அக்டோபரில், அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம், 1990 முதல் இத்தகைய மையங்களில் ஆயிரக்கணக்கான வன்கொடுமைக் குற்றச்சாட்டுகள் எழுந்துள்ளன என்று அறிவித்து, பத்துச் சிறார்களின் மரணங்களைத் தனித்தனியே ஆராய்ந்து வெளியிட்டது. அடுத்த ஆண்டு அதே அலுவலகத்தின் அதிகாரிகள், கற்பனைப் பிள்ளைகளுக்குப் பெற்றோர் போல நடித்துத் தொலைபேசியில் ஆலோசனை கேட்டார்கள். பிள்ளைக்கு ஏற்ற மையத்தைப் பரிந்துரைப்பதாகச் சொன்ன ஒரு சேவையை அவர்கள் வெவ்வேறு குறைகளைச் சொல்லி அழைத்தபோதும் ஒரே முகாமைத்தான் அது பரிந்துரைத்தது. அந்த முகாமின் உரிமையாளர், பரிந்துரைத்தவரின் கணவர். 2008இலும் 2009இலும் பிரதிநிதிகள் அவை சீர்திருத்த மசோதாக்களை நிறைவேற்றியது. இரண்டும் செனட்டில் தேங்கிப்போயின.

2020இல் நிலைமை மாறியது. மிச்சிகன் மாநிலத்து மையம் ஒன்றில், உணவறையில் ரொட்டித் துண்டை வீசியதற்காகப் பதினாறு வயதுச் சிறுவன் ஒருவனைப் பணியாளர்கள் பலர் ஏறக்குறைய 12 நிமிடங்கள் தரையில் அழுத்திப் பிடித்தனர். இரு நாள்களில் அவன் இறந்தான். அதே ஆண்டு செப்டம்பரில், தங்கும் விடுதிச் செல்வக் குடும்பத்தில் பிறந்து உலகறிந்த முகமான பாரிஸ் ஹில்டன், யூட்டாவின் ப்ரோவோ கேன்யன் பள்ளியில் தாம் 1990களின் இறுதியில் அடிக்கப்பட்டதாகவும், கட்டாயமாக மருந்து கொடுக்கப்பட்டதாகவும், தனிமையறையில் அடைக்கப்பட்டதாகவும் ஆவணப்படம் ஒன்றில் வெளிப்படுத்தினார். 2000ஆம் ஆண்டில் உரிமை கைமாறியது, அதற்கு முந்தியவை பற்றித் தாங்கள் கூறுவதற்கில்லை என்பது பள்ளியின் பதில். அக்டோபரில் முன்னாள் மாணவர்கள் திரண்டு அவ்வூரில் ஊர்வலம் போனார்கள். அவர்கள் ஏந்திய முழக்கத்தின் பெயரே ஒரு செய்தி. யாரோடும் பேசக்கூடாது என்று பிள்ளைகளுக்கு விதிக்கப்பட்ட மௌனத் தண்டனைக்கு அம்மையங்களில் ஒரு குழூஉக்குறி இருந்தது. அந்த மௌனத்தை உடைப்பதையே அவர்கள் தம் இயக்கத்தின் பெயராக்கிக்கொண்டார்கள்.

செல்வர் ஒருவர் பேசிய பின்னர்தான் உலகம் கேட்டது என்பது கசப்பான உண்மை. அரசின் பொறுப்பில் வளர்ந்த ஏழைப் பிள்ளைகளும் இதே மையங்களில் இருந்தார்கள். அவர்களுக்கு ஆவணப்படம் எடுக்க எவருமில்லை. இயக்கத்துக்குள்ளும் எல்லாம் சுமுகமாக இல்லை. தலைமை பற்றிய பிணக்குகள் நீதிமன்றம்வரை சென்றன. காயம்பட்டவர்கள் கூடிய இடத்தில் காயங்களும் கூடத்தான் செய்யும். அதனால் அவர்கள் சொன்ன சாட்சியம் பொய்யாகிவிடாது.

2021 மார்ச்சில் யூட்டா மாநிலம் புதிய சட்டம் இயற்றியது. ஆண்டுக்கு நான்கு முறை ஆய்வு, கட்டிவைப்பதற்கும் தனியே அடைப்பதற்கும் கடுங்கட்டுப்பாடு, அடக்கிப் பிடித்த நிகழ்வு ஒவ்வொன்றையும் அடுத்த வேலைநாளுக்குள் அரசுக்கு அறிவித்தல் ஆகியவை அதில் உள்ளன. அனைத்திலும் முக்கியமானதாக நான் கருதுவது, பிள்ளை வாரந்தோறும் தன் குடும்பத்தாரோடு பிறர் ஒட்டுக்கேளாமல் பேசலாம் என்ற விதி. மேலோட்டமாகப் பார்த்தால் மிகச் சிறியது. ஆனால் மேலே சொன்ன சுவர் முழுவதும் இடிவது அந்த ஒரு விதியால்தான்.

அவ்வளவு நெடிய போராட்டத்தின் பின் வந்த 2024ஆம் ஆண்டின் தேசியச் சட்டமோ இந்த அளவுக்குக் கூட வலுவுடையது அன்று. அது எதையும் நேரடியாகத் தடைசெய்யவில்லை. தேசிய அறிவியல் கழகங்கள் இம்மையங்களை ஆராய்ந்து பரிந்துரைகள் அளிக்க வழிவகுக்கிறது. இது போதாது என்று சொல்வோர் சொல்வது சரியே. ஆயினும் இதுகாறும் எத்தனை பிள்ளைகள் எங்கே அடைக்கப்பட்டிருக்கிறார்கள் என்ற முழுக் கணக்கைக்கூட எவரும் வைத்திருக்கவில்லை. எண்ணத் தொடங்காமல் எதையும் காக்க இயலாது.

எல்லா மையங்களும் கொடியவை அல்ல. தம் பிள்ளை அங்கே போனதால்தான் உயிரோடிருக்கிறான் என்று உறுதியாகச் சொல்லும் பெற்றோரும், அப்படியே சொல்லும் முன்னாள் மாணவர்களும் உண்டு. அவர்களைப் பொய்யர் என்பது, நான் கண்டிக்கும் தவற்றையே மறுபக்கம் செய்வதாகும். ஆனால் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்கள் 2004இல் கூட்டிய வல்லுநர் குழு, அச்சுறுத்தியும் கடுமை காட்டியும் இளைஞரைத் திருத்த முயலும் திட்டங்கள் பயன் தருவதில்லை, சில வேளை நிலைமையை மோசமாக்குகின்றன என்றே முடிவு செய்தது. சிலர் தேறினார்கள் என்பது உண்மையே. வதையால்தான் தேறினார்கள் என்பதற்கு ஆதாரம் இல்லை.

இனி நம்மிடம் வருவோம். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநலக் காப்பகம் என்ற பெயரில் இயங்கிய கொட்டகை ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓடித் தப்ப முடியாமல் 28 பேர் மாண்டார்கள். அவர்களை அங்கே விட்டவர்கள் கொடியவர்கள் அல்லர். வேறு வழியறியாமல், நம்பிக்கையோடு விட்டுச்சென்ற குடும்பத்தார். அமெரிக்கப் பிள்ளைகளைப் போலப் பின்னொரு நாள் சபையேறிச் சாட்சி சொல்லும் வாய்ப்பு அந்த 28 பேருக்கும் கிடைக்கவில்லை.

இன்று நம் கையில் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. மது, போதைப்பொருள் பழக்கத்தோடு தொடர்புடைய மனநிலைகளும் அதன் வரம்புக்குள் வருகின்றன. பதினெட்டு வயது நிரம்பாதவரைச் சேர்ப்பதற்கு முன் இரு மனநல மருத்துவர்களோ, ஒரு மனநல மருத்துவரும் வேறொரு தகுதிபெற்ற வல்லுநருமோ தனித்தனியே பரிசோதித்திருக்க வேண்டும். பெரியவர்களோடு கலந்து வைத்தல் கூடாது. அனைத்துக்கும் மேலாக, குடும்பத்தின் பொறுப்பாளரோ அவர் அமர்த்தும் ஒருவரோ சிகிச்சைக் காலம் முழுவதும் பிள்ளையோடு உடனிருக்க வேண்டும் என்று சட்டம் கட்டளையிடுகிறது. பெண்பிள்ளையாயின் உடனிருப்பவர் பெண்ணாக இருக்க வேண்டும். தனிமையில் அடைப்பதும் சங்கிலியிடுவதும் எவர்க்கும், எக்காரணத்தாலும் கூடாது.

ஆகவே மறுவாழ்வு மையம் ஒன்றை நாடிச் செல்லும்போது, கட்டணத்தைக் கேட்பதற்கு முன் மாநில மனநல ஆணையத்தின் பதிவு உண்டா என்று கேளுங்கள். பொறுப்பு மருத்துவர் யார், அவர் எந்நாள்களில் வருகிறார் என்று கேளுங்கள். பிள்ளை படுக்கும் அறையைக் காட்டச் சொல்லுங்கள். விருந்தினர் அறையில் தேநீர் கொடுத்து அனுப்பிவிட இடங்கொடாதீர்கள். முதல் மாதம் பார்க்கவே வரக்கூடாது, வந்தால் மனம் மாறிவிடும் என்று எவரேனும் சொன்னால், அதற்கு என்ன மருத்துவக் காரணம் என்று எழுத்தில் கேளுங்கள். பார்க்கப் போகும்போது பத்து நிமிடமாவது பணியாளர் எவரும் இன்றித் தனியே பேசுங்கள். முழங்கையையும் முதுகையும் பாருங்கள். அவன் பேசவில்லையெனில் அருகே சும்மா அமர்ந்திருங்கள். இவற்றுக்காக உங்களை ஐயப்பிராணி என்பார்கள், பொருட்படுத்த வேண்டா. நல்ல மருத்துவமனை எதுவும் இக்கேள்விகளால் புண்படுவதில்லை. எங்களையும் இவ்வாறே கேளுங்கள்.

ஏற்கெனவே ஒருவரை எங்கோ சேர்த்துவிட்டு, இதைப் படிக்கும்போது நெஞ்சம் கலங்குகிறதெனில், இன்றே போய்ப் பாருங்கள். வழி தெரியவில்லையெனில் டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416 இரவும் பகலும் இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம். பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளை துன்புறுத்தப்படுவதாக ஐயம் எழுந்தால் 1098 என்ற சிறார் உதவி எண்ணை அழையுங்கள். அந்த எண்ணைப் பிள்ளைக்கும் மனப்பாடமாக்கி வையுங்கள்.